பத்து வருடக் கனவைத் திருத்தலாமா, விட்டுவிடலாமா? கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

சோலைக்குருவி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 29. கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (படுகர் ஊர்). ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல். பதினொன்றாம் வகுப்பிலிருந்து ஒரே இலக்கு: இந்திய வனப் பணி. லாங்வுட் சோலை என்ற மலைக்காட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? பிரிலிம்ஸ் தாண்டியிருக்கிறேன், மெயின்ஸில் நிற்கிறது. தெரியாதவர்களுக்காக: 2013-லிருந்து பிரிலிம்ஸ் சிவில் சர்வீஸோடு சேர்ந்த ஒரே தேர்வு. மெயின்ஸ் தனி. ஐஏஎஸ் மெயின்ஸைத் தமிழில் எழுதலாம், வனப் பணி மெயின்ஸை ஆங்கிலத்தில் மட்டுமே எழுத வேண்டும். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவளுக்கு அங்கேதான் இடிக்கிறது.

ஓபிசி என்பதால் 35 வயது வரை, ஒன்பது முறை எழுதலாம். அதனால் கதவு மூடிவிடவில்லை. ஆனால் அப்பாவுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர் தேயிலை. நான் படிப்பது அந்த இலைக்காசில்தான்.

இப்போது ஒரு வேலை வந்திருக்கிறது. கூடலூர் பக்கம் காட்டை ஆக்கிரமிக்கும் அயல்நாட்டு உண்ணிச்செடியை அகற்றிவிட்டு உள்ளூர் மரக்கன்றுகளை வளர்க்கும் திட்டம். மூன்று வருட ஒப்பந்தம், களப் பொறுப்பாளர். சேர்ந்தால் படிப்பு போய்விடும் என்று பயம். சேராவிட்டால் அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

யாரைக் கேட்டாலும் "சூழ்நிலைக்கு ஏற்ப மாறிக்கொள்ளம்மா" என்கிறார்கள். எப்படி மாறுவது, எவ்வளவு மாறுவது என்று கேட்டால் பதில் இல்லை. திருத்திக்கொள்வது எதுவரை, எங்கிருந்து கைவிடுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

⸻

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

கசப்பாக இருக்கும், சொல்லிவிடுகிறேன். வேலையில் சேராதீர்கள்.

நான் சென்னையில் பயிற்சி மையத்தில் தங்கிப் படித்தவன். இப்போது மத்திய அரசுப் பணியில் இருக்கிறேன், வேறு தேர்வு வழியாக வந்தது. என் அறையில் இருந்தவர்களில் "கொஞ்ச நாள் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறேன்" என்று கிளம்பிய யாரும் புத்தகத்துக்குத் திரும்பவில்லை. சம்பளம் வந்ததும் வண்டிக் கடன் வரும், அப்புறம் கல்யாணப் பேச்சு வரும். பிரிலிம்ஸ் தாண்டிய ஆள் நீங்கள். 2023-ல் பத்து லட்சத்துக்கும் மேல் விண்ணப்பித்து, அதில் பாதிக்கு மேல் எழுதிய தேர்வு அது. வனப் பணிக்கு அந்த வருடம் 150 இடம்தான். இந்த நிலைக்கு வந்துவிட்டு விலகுவதற்கு "மாறிக்கொள்வது" என்று பேர் வைக்காதீர்கள்.

⸻

ஊட்டி_ரூம் எழுதியது:

மூன்றாம்பெஞ்சு சொல்வது சரி. தேயிலைச் செடி வைத்தால் இலை பறிக்கவே மூன்று வருடம் ஆகும். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கவாத்து அடித்து மொட்டையாக நிற்கும், அப்புறம்தான் தழைக்கும். நீங்களும் இப்போது கவாத்து அடித்த செடி. பொறுமை.

⸻

கேத்திக்காரன் எழுதியது:

ரூம் தம்பி, கவாத்து அடித்த செடிக்குச் சாப்பாடு வேண்டாம், பஸ் காசு வேண்டாம். அந்தப் பொண்ணுக்கு வேண்டும். உவமை சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

அம்மா சோலைக்குருவி, எனக்கு வயது அறுபதுக்கு மேல். கேத்தியில் காய்கறி விவசாயம். நான் பரீட்சை எழுதி வேலைக்குப் போனவன் இல்லை. ஆனால் நீண்ட காலத் திட்டம் போட்டு அது கவிழ்வதை இந்தப் பள்ளத்தாக்கு பார்த்த அளவுக்கு வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் அப்பா காலத்தில் உருளைக்கிழங்குதான் எல்லாம். பிள்ளை படிப்பு, கல்யாணம், வீடு எல்லாவற்றுக்கும் கிழங்கு விலையை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். 1961-ல் ஊட்டிப் பக்கம் வேரில் நூற்புழு கண்டுபிடித்தார்கள். தங்க நூற்புழு என்பார்கள், குண்டூசித் தலை மாதிரி மஞ்சளாக வேரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் கூடு வருடக்கணக்கில் மண்ணில் சும்மா கிடக்கும், கிழங்கு வைத்தால் எழுந்துவிடும். 1971-ல் இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கூடாது என்று தடை வந்தது.

அப்போது ஊரில் மூன்று விதமாக நடந்தது. சிலர் "எங்கள் நிலத்தில் வராது" என்று வருடா வருடம் கிழங்கே போட்டார்கள். சிலர் கிழங்கே வேண்டாம் என்று மொத்த நிலத்திலும் தேயிலை வைத்துவிட்டார்கள். அப்பாவும் இன்னும் சில பேரும் கிழங்கை விடவில்லை, முறையை மாற்றினார்கள். இந்த வருடம் கிழங்கு போட்ட பாத்தியில் அடுத்த மூன்று வருடம் கிழங்கு இல்லை. கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், பூண்டு என்று சுற்றி வரும். உணவு கிடைக்காமல் புழு குறையும். முத்தோரையில் இருக்கும் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்காரர்களும் அதைத்தான் சொன்னார்கள். புழுவைத் தாங்கும் ரகங்களும் பின்னால் கொடுத்தார்கள்.

மொத்தமாகத் தேயிலைக்குப் போனவர்கள் ரொம்ப நாள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். தேயிலையை ரஷ்யா வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. சோவியத் உடைந்து, தொண்ணூறுகள் முடியும்போது பச்சை இலை விலை ஒற்றை இலக்கத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. இதையும் சொல்ல வேண்டும், கேரட் போட்ட நாங்களும் அந்த வருடங்களில் ஒன்றும் ராஜா இல்லை. மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டையை இறக்கிவிட்டு வண்டி வாடகைக்குக் கடன் சொல்லி வந்த நாளும் உண்டு.

உங்களுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு வருடமும் எழுதியே ஆக வேண்டுமா? இடையில் ஒரு வருடம் விட்டால் அந்த வாய்ப்பு கணக்கில் போய்விடுமா?

⸻

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

போகாது ஐயா. விண்ணப்பம் மட்டும் போட்டால் கணக்கில்லை. பிரிலிம்ஸில் ஒரு தாளாவது போய் உட்கார்ந்து எழுதினால்தான் ஒரு வாய்ப்பு கழியும். வயதுதான் நிற்காது.

⸻

அருவங்காட்டான் எழுதியது:

கேத்திக்காரர் எழுதியதில் எனக்குப் பிடித்தது, இரண்டு பக்கமும் அடி வாங்கியதைச் சொன்னது. பொதுவாக இந்த மாதிரி இழைகளில் "மாறியவன் பிழைத்தான், மாறாதவன் செத்தான்" என்று முடித்துவிடுவார்கள். அதற்கு ஊட்டிக்காரர்கள் எல்லோரும் சொல்லும் உதாரணம் இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலை. "டிஜிட்டல் கேமரா வந்தது, ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் மாறவில்லை, மூடிவிட்டார்கள்" என்பார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

வருடங்களைப் பாருங்கள். 1967-ல் உற்பத்தி தொடங்கியது. சினிமாவுக்கும் ஸ்டூடியோவுக்கும் கறுப்பு வெள்ளை ஃபிலிம், ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே ஃபிலிம். 'இந்து' என்ற பெயரில் நாடு முழுக்கப் போனது. உலகம் கலருக்குப் போனதும், எக்ஸ்ரே ஃபிலிம் பாலியெஸ்டருக்கு மாறியதும் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிமுக்கென்று புது ஆலையே போட்டார்கள், பெரிய கடன் வாங்கி. வட்டி ஏறியது. தொண்ணூறுகளின் நடுவிலேயே நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. அப்போது ஊட்டிக்கு வரும் டூரிஸ்ட் யார் கையிலாவது டிஜிட்டல் கேமரா இருந்ததா? டிஜிட்டல் வந்தது விழுந்தவனை மிதிக்கத்தான்.

ஆக அங்கே மாற முயற்சி நடந்தது. மாறுவதற்கே மொத்தத்தையும் பணயம் வைத்தார்கள், பாதியில் சறுக்கினால் திரும்ப இடமில்லாத அளவுக்கு. அதனால் சோலைக்குருவியின் கேள்வியை நான் திருப்பிப் போடுகிறேன். வேலையில் சேர்ந்து ஒரு வருடத்தில் பிடிக்கவில்லை என்றால் வெளியே வர முடியுமா? ஒப்பந்தத்தில் அபராதம், முன்பணம், சான்றிதழைப் பிடித்து வைப்பது மாதிரி ஏதாவது இருக்கிறதா? முதலில் அதைப் படியுங்கள். வெளியே வர முடிகிற வேலை என்றால் தயங்க வேண்டியதில்லை. படிப்புக்கும் இதே கேள்விதான்: இன்னும் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படித்து கிடைக்கவில்லை என்றால், அதற்கு அடுத்த மாதம் உங்கள் கையில் என்ன இருக்கும்?

⸻

ஊட்டி_ரூம் எழுதியது:

கவாத்து உவமைக்கு மன்னிப்பு, ஹாஹா.

என் சொந்தக் கதை சின்னது. இரண்டு ரூமை வாடகைக்கு விடுகிறேன். ஏப்ரல், மே சீசனை நம்பி மாடி கட்டலாம் என்று எஸ்டிமேட் வரை போனேன். 2024 மே மாதம் ஊட்டிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் ஊட்டிக்கு நாளுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று கோர்ட் எண்ணிக்கையும் வைத்துவிட்டது. மாடித் திட்டத்தை மடித்து வைத்துவிட்டு, இருக்கும் ரூமில் நல்ல மேசை, நல்ல இணையம் போட்டு, லேப்டாப்போடு வந்து மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கு விடுகிறேன். மாடி ஆசை இன்னும் இருக்கிறது. அவசரம் போய்விட்டது.

⸻

கூடலூர்ப்பையன் எழுதியது:

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். எனக்கு மட்டும் கொஞ்சம் எரிச்சல் வருகிறது, சொல்லலாமா?

"திட்டத்தை மாற்றிக்கொள்" என்ற அறிவுரை ஒரு ஏக்கராவது சொந்தமாக இருப்பவனுக்குத்தான் பொருந்தும். எங்கள் தாத்தா இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள், தோட்டத் தமிழர்களில் இத்தனை லட்சம் பேர் இங்கே, இத்தனை லட்சம் பேர் அங்கே என்று. தாத்தாவுக்குப் பத்து வருடத் திட்டம் ஏதாவது இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்து மறுபடியும் அதே இலையைப் பறித்தார். ஊர் மாறியது, நாடு மாறியது, கூடை மாறவில்லை. அவரைப் பார்த்து "எவ்வளவு பக்குவமாக மாறிக்கொண்டார்" என்று பாராட்டினால் எனக்குக் கோபம் வரும்.

அக்காவிடம் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டில் இந்த மாற்றத்தின் செலவு யார் தலையில் விழுகிறது? நீங்கள் இன்னும் படித்தால் அப்பா இலை விலையோடு மல்லுக்கட்டுகிறார். அம்மா காலையில் தோட்டம், மாலையில் சமையல். அவர்களிடம் "இன்னும் இத்தனை வருடம்" என்று கணக்குச் சொல்லி, அவர்கள் சரி என்றார்களா? அல்லது மகள் முகம் வாடக் கூடாது என்று பேசாமல் இருக்கிறார்களா? உங்கள் இலக்கில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது. திருத்துவதிலும் அவர்களுக்குப் பேச்சு உரிமை வேண்டும்.

இன்னொன்று. கூடலூரில் வேலை என்றதால் சொல்கிறேன். உண்ணிச்செடி பிடுங்குவது இங்கே கூலி வேலையும்கூட. அதன் தண்டில் ஆள் உயர யானை செய்து லண்டன் வரை அனுப்பியவர்கள் இந்தப் பக்கத்துப் பழங்குடி மக்கள்தான். களப் பொறுப்பாளராக வந்தால் அவர்களிடம் கற்றுக்கொள்ள வாருங்கள். தேர்வு கிடைக்காத வருடத்தை ஓட்ட வராதீர்கள்.

⸻

நெறியாளர்:

சூடு இருக்கட்டும், தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். இதுவரை யாரும் எல்லை தாண்டவில்லை. மலையக ஒப்பந்தம் பற்றி நீண்ட விவாதம் வேண்டுமானால் வரலாறு பகுதியில் தனி இழை திறக்கவும்.

⸻

தாண்டிக்குடி_காப்பி எழுதியது:

பழனி மலையிலிருந்து ஒரு குரல். நீலகிரிக்காரர்கள் எப்போதும் உங்கள் மலையைப் பற்றியே பேசுவீர்கள், பரவாயில்லை.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் ஒரு காலத்தில் விருப்பாச்சி மலை வாழைதான் பெருமை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் பழம். முடிக்கொத்து நோய் வந்தது. வைரஸ், அசுவினி மூலம் பரவும், நோய் பிடித்த கன்றை எடுத்து நட்டாலும் பரவும். இலையெல்லாம் மேலே கொத்தாகச் சுருங்கும், தார் வராது. மருந்து கிடையாது, பிடுங்கி அழிக்க வேண்டியதுதான். வாழை மட்டும் வைத்திருந்தவர்கள் நிலத்தை விட்டுவிட்டு வத்தலக்குண்டுக்கு இறங்கினார்கள்.

எங்கள் மாமியார் வாழை நிழலில் காப்பி வைத்திருந்தார். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி. ஓரமாக ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட். அவர் ஏதோ ஞானத்தில் செய்யவில்லை, இருக்கிற இடத்தை வீணாக்கக் கூடாது என்ற கஞ்சத்தனம். வாழை போனபோது காப்பி காய்த்துக்கொண்டிருந்தது. பிறகு திசு வளர்ப்பில் நோயில்லாத கன்று கிடைத்ததும் வாழையைத் திரும்ப வைத்தோம். விட்டதாகவும் ஆகவில்லை, பிடித்துத் தொங்கியதாகவும் ஆகவில்லை. ஒன்று கவனியுங்கள்: காப்பிச் செடி காய்க்க மூன்று, நான்கு வருடம் ஆகும். வாழை செத்த பிறகு வைத்திருந்தால் அந்த இடைவெளியில் நாங்களும் மலை இறங்கியிருப்போம்.

அதனால் மூன்றாம்பெஞ்சு தம்பியோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டாவது பயிரை முதல் பயிர் நன்றாக நிற்கும்போதே வைக்க வேண்டும். சோலைக்குருவி 35 வயதில் கடைசி வாய்ப்பும் முடிந்த பிறகு வேலை தேடினால், அனுபவமில்லாத 35 வயதுப் பட்டதாரி. இப்போது சேர்ந்தால் இனங்களை அடையாளம் காண்பது, நாற்றங்கால், களக் குறிப்பு, ஆட்களோடு பேசுவது எல்லாம் கைக்கு வரும். தாவரவியலும் வனவியலும் விருப்பப் பாடமாக எடுத்திருந்தால் பாதிப் படிப்பு களத்திலேயே நடக்கும். நேர்முகத் தேர்வில் சோலை மறுசீரமைப்பு பற்றிக் கேட்டால் புத்தகத்தைப் பார்த்தா பதில் சொல்வீர்கள்?

⸻

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

அக்கா, நேர்முகத் தேர்வு வரை போனால்தானே அந்தக் கேள்வி. அவருக்கு இடிப்பது ஆங்கிலத்தில் எழுதும் வேகம். காட்டில் உண்ணிச்செடி பிடுங்கினால் அது வராது. உட்கார்ந்து எழுதி, திருத்தி, மறுபடி எழுத வேண்டும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் அறைத் தோழர்கள் திரும்பவில்லை என்றேன். அவர்களில் பலர் இப்போது நன்றாகவே இருக்கிறார்கள். திரும்பாததால் தோற்றார்கள் என்று நானாக முடிவு கட்டிவிட்டேனோ என்னவோ.

⸻

சோலைக்குருவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன், கூடலூர்ப்பையன் எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "உனக்குக் காடுதானே பிடிக்கும், எந்த வேலையில் இருந்தால் என்ன" என்று தனிச்செய்தியில் சிலர் ஆறுதல் சொன்னார்கள். இல்லை. எனக்கு அந்தப் பதவிதான் வேண்டும். இங்கே சோலை ஓரத்தில் தன்னார்வலராக வேலை செய்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த சீகை மரம் புல்வெளியைத் தின்றுகொண்டு வருவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வனத்துறைக் கையெழுத்து இல்லாமல் ஒரு மரத்தில் கை வைக்க முடியாது. அந்தக் கையெழுத்துப் போடுகிற இடத்தில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி உட்கார வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதை நான் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.

குறைத்துக்கொள்ள முடிந்தது வேறு. வனப் பணி என்றால் டேராடூனில் பயிற்சி, அகில இந்தியா என்று பிடிவாதம் பிடித்தேன். யோசித்தால் அதில் பாதி வறட்டுக் கௌரவம். மாநில அரசின் டிஎன்பிஎஸ்சி குரூப் 1ஏ தேர்வு வழியாக உதவி வனப் பாதுகாவலர் ஆகலாம், தாவரவியல் பட்டம் செல்லும். 2025-ல் குரூப் 1-க்கும் 1ஏ-வுக்கும் சேர்த்தே அறிவிப்பு வந்தது. கையெழுத்து அங்கேயும் உண்டு. இதைக் கீழ்ப்படி என்று இத்தனை நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேலையில் சேர்கிறேன். ஒப்பந்தத்தைப் படித்தேன், ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் போதும், அபராதம் எதுவும் இல்லை. அடுத்த பிரிலிம்ஸில் உட்காரப் போவதில்லை, அந்த வாய்ப்பு மிச்சம். அந்த வருடம் முழுக்க ஆங்கில எழுத்து மட்டும், தினமும் இரவில். சம்பளத்தில் ஒரு பகுதி வீட்டுக்கு, ஒரு பகுதி தனிக் கணக்கில். இரண்டாவது வருடம் முடியும்போது அந்தக் கணக்கில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருந்தால் வேலையை விட்டுவிட்டு முழு நேரம் படிப்பேன். இல்லையென்றால் மூன்றாவது வருடமும் வேலை. அப்பாவிடம் இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "பேங்க் மேனேஜர் மாதிரி பண்றியே" என்று சிரித்துவிட்டு, பீரோவில் பட்டாவோடு சேர்த்து வைத்துவிட்டார்.

⸻

கூடலூர்ப்பையன் எழுதியது:

வாங்க அக்கா. மழை ஜூனில் பிடித்தால் இங்கே அட்டை காலை விடாது, உப்பும் புகையிலையும் கொண்டு வாருங்கள். வாடகைக்கு வீடு வேண்டுமானால் தனிச்செய்தி அனுப்புங்கள். டவுனுக்குள் எடுக்க வேண்டாம், விலை அதிகம்.

⸻

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

முடிவு உங்களுடையது. தினமும் இரவு எழுதுவேன் என்பதை நான் நம்பவில்லை, அதனால் வாரம் ஒரு விடை எனக்கு அனுப்புங்கள். ஆங்கிலத்தைத் திருத்தித் தருகிறேன், தாவரவியல் எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் வராவிட்டால் இந்த இழையிலேயே வந்து கேட்பேன்.

⸻

அருவங்காட்டான் எழுதியது:

தம்பி, இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே!

ஒரு சந்தேகம். வனப் பணித் தேர்வில் நடைச் சோதனை உண்டல்லவா? பெண்களுக்கு நான்கு மணி நேரத்தில் 14 கிலோமீட்டர், ஆண்களுக்கு 25 என்று ஞாபகம். அதற்கும் பயிற்சி வேண்டுமே.

⸻

சோலைக்குருவி எழுதியது:

சரிதான் ஐயா, 14 தான். அந்தத் தூரம் பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோடநாடு ரோட்டில் நடக்கலாம் என்றிருக்கிறேன்.

⸻

கேத்திக்காரன் எழுதியது:

கோடநாடு ரோடா? ஆறு மணிக்கு முன்னால் கிளம்பாதே அம்மா. அந்தப் பக்கம் இப்போது தேயிலைக்குள் கரடி, திருப்பத்தில் காட்டெருமை. நான்கு மணி நேரம் என்பதை அது ஒரு மணி நேரமாக ஆக்கிவிடும்.